பூட்டிய வீட்டு மீட்டர்

போன மாதம் செல்வி போன் செய்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் ரவுண்டுக்கு வந்த பிள்ளை. கரண்ட் ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. இந்த மலையில் இருபத்தாறு வருடம் நான் பார்த்ததும் அதுதான். இனிமேல் ரீடிங்கைத் தானாகவே ஆபீசுக்கு அனுப்பிவிடுகிற மீட்டர் வரப்போகிறதாம். அதற்கு முன்னால், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தும் கரண்ட் ஓடுகிற வீடுகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"வெள்ளக்கடை ரோட்டுல ஒரு பங்களாவுங்க அண்ணா. எப்பப் போனாலும் பூட்டுதானுங்க. ஆனா ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட்டு தவறாம ஓடுதுங்க. உங்க காலத்துலயும் அப்படியேதான் எழுதியிருக்குதுங்க. காரணம்னு என்னத்தங்க எழுதறது?"

யோசித்துச் சொல்கிறேன் கண்ணு என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. வாயால் சொல்லத்தான் முடியவில்லை. அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெரிய உத்தியோகம் பார்த்தவன் எழுதும் சாதனைக் கதை என்று நினைத்து யாராவது படிக்க ஆரம்பித்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று வருடம் தினக்கூலியாகக் கம்பம் சுமந்தேன். ஒரு வருடம் ஆபீஸில் டீ வாங்கி வந்தேன். பிறகு ரீடிங் வேலை கிடைத்தது. எனக்கு அதைக் கற்றுத் தந்தது மேற்பார்வையாளர் தனபால் சார். கற்றுத் தந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. நாலு நாள் கூட்டிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான்.

அவர் ரீடிங் எடுக்கிற விதமே தனி. கேட்டுக்கு வெளியே நின்று, "கரண்ட் ரீடிங்குங்க" என்று மூன்று தடவை குரல் கொடுப்பார். நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று தடவை. பிறகுதான் கேட்டைத் திறப்பார். மீட்டருக்கு முன்னால் போனதும் வீட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், எழுதியதை மறுபடி மீட்டரோடு ஒத்துப் பார்ப்பார். மேல் அதிகாரி வீடானாலும் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடானாலும் அதே நிற்பு. ஒரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா உக்காரோணும், உக்காந்தா பேசோணும்" என்றார். நான் ஒரு ஜன்னலை எட்டிப் பார்த்தபோது மட்டும் கோபப்பட்டார்.

"நீ பாக்க வந்தது மீட்டர. ஊட்ட இல்ல. பாத்தத எழுது. நெனச்சத எழுதாத."

இதை நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. நாலைந்து வருடத்தில் எனக்கு வேறொரு திமிர் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லுவேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில்லை, பெரியவருக்கு உடம்பு முடியவில்லை, சனி ஞாயிறு வாடகைக்கு விடுகிறார்கள், எல்லாம் யூனிட்டில் தெரியும். நம்முடைய மலையில் ஃபேன் கிடையாது. ஓடுவது வெந்நீர் ஹீட்டரும் விளக்கும்தான். அதனால் கணக்கு போடுவது சுலபம். மீட்டரில் சிவப்பாக ஒரு புள்ளி சிமிட்டும் பாருங்கள், அது வேகமாகச் சிமிட்டினால் உள்ளே ஹீட்டர் ஓடுகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் சிமிட்டினால் ஒரே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் நான் இதையெல்லாம் சொல்லிக் காட்ட, "ரீடிங்காரரு ஜோசியருங்க" என்று சிரிப்பார்கள். எனக்கு நொம்பப் பெருமையாக இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முந்தி நடந்தது இது. கீழே சமவெளியில் நிலம் வாங்கி விற்கிற ஒருவன், கூட்டாளிகள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். நாலாம் நாள் அவனுடைய கார் மலை அடிவாரத்தில் ஆளில்லாமல் நின்றது. அவ்வளவுதான், அவன் மேலே ஏறிவிட்டான் என்று முடிவாகிவிட்டது. ஒண்டிக்கடையில் சுவருக்குச் சுவர் அவன் முகம். டி.வி.க்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் நிறுத்தினார்கள்.

அப்புறம் ஆளுக்கொரு துப்பு. சேர்வராயன் கோயிலில் புதிதாக ஒரு சாமியார் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் என்றார் ஒருவர். இல்லை, அந்தக் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பார்களல்லவா, அந்த வழியாகவே அவன் கர்நாடகா போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார் இன்னொருவர். மிளகு பறிக்கிற ஆட்களோடு கலந்துவிட்டான், லாட்ஜில் புது மாப்பிள்ளை மாதிரி தங்கியிருக்கிறான் என்று செல்போனுக்குச் செல்போன் தாவியது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு அவனைப் போலவே மீசை. இரண்டு தடவை வழிமறித்து விசாரித்துவிட்டார்கள். பாவம், மனுஷன் மீசையை எடுத்துவிட்டார். திடீரென்று ஏன் எடுத்தார் என்று மூன்றாம் தடவை விசாரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஊரே பேசும்போது, எண்ணைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன் நான் மட்டும் சும்மா இருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வாய் அரித்தது.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளக்கடை ரோட்டு ரவுண்டு. அங்கே ஒரு பங்களா. சொந்தக்காரர் வெளிநாட்டில். அவர் வந்து வருடங்கள் ஆகின்றன. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறையில் வாட்ச்மேன் ஆறுமுகம் இருந்தார். எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்து, வேலை முடிந்ததும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தவர். மனைவி இறந்துவிட்டார். வாட்ச்மேன் அறைக்குத் தனி மீட்டர், பங்களாவுக்குத் தனி மீட்டர். பங்களா மீட்டரில் இரண்டு மாதத்துக்கு எப்போதும் சுழியம், மிஞ்சிப் போனால் ஒன்று இரண்டு யூனிட்.

அன்றைக்கு நூற்று நாற்பத்து மூன்று.

எண் தப்பாக இருக்குமோ என்று துடைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சிவப்புப் புள்ளியைக் கவனித்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் சிமிட்டியது. பட்டப்பகல், வீடு முழுக்கப் பூட்டு, உள்ளே ஒரு பல்பு எரிகிறது. ஆறுமுகம் வழக்கமாக அறை வாசலில் உட்கார்ந்தபடியே கை காட்டுவார். அன்று என் பின்னாலேயே வந்து நின்றார். காப்பி சாப்பிடுங்க என்று இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எண்ணை எழுதினேன். பக்கத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதினேன். எழுதியது அவ்வளவுதான். நினைத்தது அதைவிட அதிகம்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் டீக்கடையில் மறுபடி அதே பேச்சு. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னேன்.

"வருசக்கணக்கா பூட்டிக் கெடக்கற ஒரு ஊட்டுல மீட்டர் ஓடுதுங்க. ஒண்டி ஆளு. பகல்லயும் லைட்டு எரியுது. சன்னல எல்லாம் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான்."

எந்த வீடு என்று கேட்டார்கள். அதெல்லாம் சொல்லக்கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரி எழுந்து வந்துவிட்டேன். வீட்டைச் சொல்லவில்லை, அதனால் தப்பு செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். இந்த மலையில் எந்தத் தேதிக்கு எந்த ரோட்டில் ரீடிங் என்று குழந்தைக்கும் தெரியும். நாங்கள் யூனிட் எழுதித் தருகிற அட்டையை மீட்டருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டுமே. நேற்று நான் போனது வெள்ளக்கடை ரோடு. அந்த ரோட்டில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடப்பது ஒரே ஒரு பங்களா. இது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பது நாற்பது பேர் டூவீலரில் கிளம்பிவிட்டார்கள். போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்று என்னையும் ஏறச் சொன்னார்கள். போலீசுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். அவர்கள் வருவதற்குள் பறந்துவிடுவான் என்றார்கள். நான் ஏறிக்கொண்டேன். பயமும் இருந்தது, அதற்குள்ளேயே ஒரு மிதப்பும் இருந்தது. அந்த மிதப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆறுமுகம் சந்தைக்குப் போயிருந்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நாற்பது பேர் வீட்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினார்கள், தகரத்தை அடித்தார்கள், போனை உயர்த்திப் பிடித்தார்கள். பின்பக்க அறையில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ ஒருவர் கல்லால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மனுஷன் போடுகிற சத்தம்தான், ஆனால் வார்த்தை இல்லை. சமையல்கட்டுக் கதவைப் பிய்த்துக்கொண்டு ஒரு ஆள் வெளியே ஓடினான். லுங்கி, பச்சை ஸ்வெட்டர், வெறுங்கால். முப்பது வயசு இருக்கும். காப்பிச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து கீழே ஓடினான். "அவன்தான், அவன்தான்" என்று கத்திக்கொண்டு பாதிப் பேர் துரத்தினார்கள். சில்வர் ஓக் மரங்கள் முடிகிற இடம் வரைக்கும் போனார்கள். அதற்குக் கீழே புதர்க்காடும் சரிவும்தான். பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்தார்கள்.

சுவரொட்டியில் இருந்த முகம் அது இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தேன், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டேன்.

ஆறுமுகம் சந்தைப் பையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். நேரே உள்ளே போய், "முருகேசு, முருகேசு" என்று கூப்பிட்டார். பிறகு வெளியே வந்து கீழே பார்த்துக் கூப்பிட்டார். அது அவருடைய ஒரே மகன். சின்ன வயசிலிருந்தே மனசு சரியில்லாத பையன். யாரையும் அடித்ததில்லை. ஆனால் சொல்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வானாம். லைன் வீட்டுக்காரர்கள் கட்டி வைத்து உதைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மடத்தில் கொண்டுபோய் விட்டால் அங்கே சங்கிலியில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டிவந்து, யாருக்கும் தெரியாமல் ஒன்றரை மாதமாகப் பின்னறையில் வைத்திருந்தார். குளிருக்கு ஹீட்டரில் வெந்நீர். இருட்டென்றால் அவனுக்குப் பயம், அதனால் பகலிலும் அணைக்காத விளக்கு. என் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒண்டி ஆள்தான், ஒளிந்துதான் இருந்தான்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. வண்டி கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் இருட்டுகிற வரை தேடினோம். மறுநாள் நாலு பேர். மூன்றாம் நாளிலிருந்து ஆறுமுகமும் நானும்தான். ஓடைக்கு மேலே ஒரு புதரில் பச்சை நூல் கொஞ்சம் சிக்கியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. போலீஸில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரமே கொலைகாரன் பிடிபட்டான். அவன் மலை ஏறவே இல்லை. காரை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிப் போய், சொந்த ஊரிலேயே அக்கா வீட்டு மாடியில் இருந்திருக்கிறான். டீக்கடையில் இரண்டு நாள் அதைப் பேசினார்கள். ஆதார் அட்டையில் இருந்த முருகேசுவின் படத்தைப் பெரிதாக்கி, நானே கொண்டுபோய் அந்தக் கொலைகாரன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு மாதம் ஊரே ஒருவன் எங்கே இருப்பான் என்று யோசித்தது. முருகேசு எங்கே இருப்பான் என்று யோசிக்க ஒரு ஆள் இல்லை. நாலு மழையில் தாள் கிழிந்து போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, அதுதான் கொடுமை.

பத்து நாள் கழித்து ஆறுமுகம் ஆபீசுக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, நம்பரப் பாத்தே ஆளச் சொல்லீருவீங்கன்னு சொன்னாங்க. எம் பையன் எங்க இருப்பான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சாமி."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் அழுதுவிட்டேன். தனபால் சார் எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு என் ரீடிங் புத்தகத்தை வாங்கி, அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"எழுதுனது சரியாத்தான் இருக்குது" என்றார். "இதோட நிறுத்தியிருக்கலாம்."

அந்த ரவுண்டை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நீதான் போகோணும் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அதுவரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

அடுத்த ரீடிங்குக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று மூன்று தடவை குரல் கொடுத்தேன். பகலில் சிவப்புப் புள்ளி சிமிட்டவில்லை. இருபத்தொன்பது யூனிட் ஓடியிருந்தது. ஆறுமுகமே சொன்னார், பொழுது இறங்கினால் பின்னறையில் விளக்கைப் போட்டு, சமையல்கட்டுக் கதவைத் தாழ் போடாமல் விட்டுவிடுகிறாராம். விடிந்ததும் அணைத்துவிடுவாராம். வெளிச்சத்தைப் பார்த்தால் பையன் வீட்டை அடையாளம் கண்டுகொள்வான் என்றார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதினேன். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது. ஓய்வு பெறுகிற மாதம் வரை அப்படித்தான். ஒரு தடவைகூட அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

போன வருடம் ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் நாள் இடுப்பிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். புதுசாக வருகிற வெள்ளை பல்பு வேண்டாம், பையனுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம்தான் தெரியும் என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணை மூடியபின் அங்கே யாரையும் வைக்கவில்லை. வேறு ஆள் கிடைக்கிற வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரரின் ஆள் சேலத்திலிருந்து போனில் சொன்னான். என் வீட்டிலிருந்து அந்தப் பங்களா இரண்டு கிலோமீட்டர். பொழுது சாயப் போய்ப் போடுகிறேன், விடியப் போய் அணைக்கிறேன். இந்த முட்டிவலியோடு பூட்டின வீட்டுக்கு எதற்கு நடக்கிறீர்கள் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். குண்டு பல்பு இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை. சேலம் போனவன் ஒருவனிடம் சொல்லி ஆறு வாங்கி வைத்திருக்கிறேன்.

காரணம் கேட்டாயல்லவா கண்ணு. மீட்டர் சரி, பூட்டு சரி, நாற்பது வாட் பல்பு ஒன்று எரிகிறது என்று எழுது. யார் எரிப்பது என்று மேலே கேட்டால் என் பெயரைப் போடு. யாருக்காக என்று கேட்டால் ஆறுமுகம் மகன் முருகேசுவுக்காக என்று எழுது. அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், தெரியாது என்று எழுது. அன்றைக்கு டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அந்த ஒரு வார்த்தைதான்.

மணி ஐந்தரை ஆகப்போகிறது. பனி இறங்குவதற்குள் போய்விட்டு வருகிறேன்.